அச்சிற் பிழையா, அடிபட்ட வடுவா?

விழா மலரெனில் கல்லூரி வளர்ந்த வரலாறும், அதிபர்களின் அருந்தொண்டும், ஆடுகளத்திற் பெற்ற வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றை எழுத வல்லார் பலர் இம்மலருக்கு எழுதியிருப்பர் என்னுந் துணிவினால், நாம் சட்டைப்பையிற் கிடக்கும் சில்லறைக் குற்றிகளைப்பற்றிச் சில கூறப் புகுந்தோம். பொருள் சிறிது. ஆயினும், அதனை அறியாமையால் விளையுந் துன்பம் சிறிதன்று என்பதைச் சென்ற ஆண்டில் நேரிற் கண்டோம்.

படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து மூதாட்டி ஒருவர், தம் பேரனையும் அழைத்துக்கொண்டு, மண்முனைப் பாலத்தைக் கடந்து எம் வீடு தேடி வந்தார். நாம் பழைய காசு சேர்ப்பவர் என்று யாரோ சொல்லியிருந்தனர். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாக் குற்றியொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் முகத்திற் குறுக்காக ஆழ்ந்த கோடு ஒன்று ஓடிற்று. விளிம்பு ஓரிடத்தில் வளைந்திருந்தது. இத்தகைய பிழைக்காசு இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று பேரன் கைத்தொலைபேசியிற் கண்டிருக்கிறான். வாங்குவதாகச் சொன்ன முகமறியா ஒருவனுக்குப் ‘பதிவுக் கட்டணம்’ என்று ஐயாயிரம் ரூபாவும் அனுப்பியாயிற்று. அதன்பின் அத்தொலைபேசி பதில் சொல்லவில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கடன்பட்ட குடும்பம் அது; அந்த ஐயாயிரமும் கடன்பட்ட பணமே.

கைவில்லையை வைத்துப் பார்த்தோம். வயலிற் கலப்பை சென்ற சாலின் இருமருங்கும் மண் ஒதுங்கி நிற்பதுபோல, அக்கோட்டின் இருபுறமும் உலோகம் ஒதுங்கி மேடிட்டு நின்றது. எங்கோ ஓர் இரும்பின்கீழ் அகப்பட்டுக் கீறுண்ட காசு அது, அக்கசாலையிற் பிழைபட்டதன்று. அதனை மெல்ல எடுத்துரைத்தோம். “அப்ப இது செல்லாதா மனே?” என்று கேட்டார் அம்மூதாட்டி. ஐந்து ரூபாவுக்குச் செல்லும் என்பதற்குமேற் சொல்ல எமக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இஃது எம் நாட்டுக்கு மட்டும் உரிய மோசடியன்று. பழைய காசுகளையும் தாள்களையும் வாங்குவதாகச் சொல்லி, தன் பெயரையே பயன்படுத்திக் கட்டணம் பறிப்போரை நம்பவேண்டாம் என்று இந்திய றிசேர்வ் வங்கி 2021 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திற் பொதுமக்களை எச்சரித்தது. ஆனால் எச்சரிக்கை மட்டும் போதுமா? பிழை எது, சேதம் எது என்று கண்டறியும் அறிவு பேரனுக்கு இருந்திருந்தால் எச்சரிக்கைக்கே இடமிராது. அவன் பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் மாணவன் என்பதை இங்கு வெட்கத்துடன் குறிப்பிடுகின்றோம். வெட்கம் அவனுக்கன்று, கற்பித்த நமக்கே.

நாணயம் பிறக்கும் முறையை அறியாதார் அதன் பிழையை அறிதல் இயலாது. எம் நாட்டுக் குற்றிகள் நெடுங்காலமாகப் பிறநாட்டு அக்கசாலைகளிலேயே அடிக்கப்பட்டு வந்துள்ளன. முதலில் இலண்டனிலும், 1968 இல் வேல்ஸ் நாட்டிற் புதிய ஆலை திறக்கப்பட்டபின் அங்கும் இயங்கிய பிரித்தானிய அரச அக்கசாலை அவற்றுள் முதன்மையானது. எங்கு அடிப்பினும் முறை ஒன்றே. உலோகத் தகட்டிலிருந்து வெறுவட்டுக்கள் வெட்டி எடுக்கப்படும். அவற்றின் ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புவர், காய்ச்சி மென்மையாக்குவர். பின்னர், வட்டைச் சுற்றி ஓர் உருக்கு வளையம் காவலாய் நிற்க, மேலும் கீழுமாக இரண்டு அச்சுக்கள் பெருவிசையுடன் ஒருங்கே நெருக்கும். கண்ணிமைக்கும் நேரத்திற் காசு பிறந்துவிடும். இவ்வளவில் அக்கசாலையின் தொழில் முடிந்தது. இதற்குப்பின் அக்காசின்மேல் நிகழ்வன யாவும் சேதமே.

ஆகவே விசித்திரமான குற்றியொன்று கைக்கு வந்தால் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றேயாம்: இக்குறை மேற்கூறிய படிகளுள் எந்தப் படியில் நிகழ்ந்திருக்கக்கூடும்? அதற்கு விடை சொல்ல முடியாதவன் அதனைப் பிழைக்காசு என்று சொல்லற்க. குற்றவாளியைக் குற்றமற்றவனாகக் கொண்டு விசாரணையைத் தொடங்குவது நீதிமன்ற முறை. காசு விசாரணையிலோ, சேதம் என்று கொண்டே தொடங்கவேண்டும். பிழையென்று நிறுவும் பொறுப்பு பிழையென்பானையே சாரும்.

சில எடுத்துக்காட்டுக்கள் தருவோம். அச்சு என்பது நாணயத்தின் எதிருரு. அச்சிற் பள்ளமாக உள்ளது காசில் மேடாகும். அடித்து அடித்துக் களைத்த அச்சு வெடிக்குமாயின் அவ்வெடிப்பினுள் உலோகம் புகுந்து, காசின் முகத்தில் நூலிழைபோல உயர்ந்த வரியாக நிற்கும். காசின்மேற் கத்தியாலோ கல்லாலோ ஏற்படுங் கீறல் ஒருபோதும் இவ்வாறு உயர்ந்து நிற்காது; அது பள்ளமாகவே இருக்கும். கண்ணால் துணிய முடியாவிடின் நகத்தால் தடவிப் பார்த்தாலே போதும். மேலும், வெடித்த அச்சு ஒரு காசோடு நிற்பதில்லை; அதே வரியை அதே இடத்திற் பல காசுகளில் இட்டுச் செல்லும். இத்தகைய காசு மெய்யான அக்கசாலைப் பிழையே. ஆயினும் பெரிய விலை பெறும் என்று எண்ணவேண்டாம். வெடித்த அச்சுக்கள் உலகில் ஏராளம்.

எழுத்தொன்று காணாமற்போன காசும் அடிக்கடி எம்மிடம் கொணரப்படுகின்றது. அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசும் அடைத்துக்கொண்டால் எழுத்து எழும்பாது. அவ்வாறாயின் எழுத்து இருக்கவேண்டிய இடம் சுற்றியுள்ள தளத்தைப் போலவே தோலுரியாமல் இருக்கும். அரத்தால் அராவி அழித்ததாயின் அங்கே நுண்ணிய கீற்றுக்கள் ஒரே திசையில் ஓடும். தளமும் சற்றுத் தாழ்ந்திருக்கும். தேய்ந்து போனதாயின் ஓரெழுத்து மட்டும் தேயாது, அயலெழுத்துக்களும் மங்கும்.

விளிம்பிற் பிறைபோல வெட்டுண்ட குற்றியை அறிதல் இன்னும் சுவையானது. தகட்டில் முன்னரே வட்டு வெட்டியெடுத்த துளையின்மேல் வெட்டுக்கருவி மீண்டும் பட்டால், அடுத்த வட்டு பிறை வடிவிற் குறைந்து பிறக்கும். இப்பிறைக்கு நேரெதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மெலிந்து காணப்படும். விளிம்பெழுப்பும் பொறியிற் குறைபட்ட பக்கம் நெருக்குண்ணாதபோது அதன் எதிர்ப்பக்கத்திலும் நெருக்கம் குறைந்துவிடுதலே காரணம். வாளால் அறுத்துப் பிறை செய்தவனுக்கு இந்நுட்பம் தெரியாது. அவன் செய்த காசில் எதிர்விளிம்பு தடித்தே நிற்கும்.

காசின் ஒரு முகத்தில் எழுத்துக்கள் கண்ணாடியிற் கண்டதுபோலத் தலைமாறிப் பள்ளமாய்ப் பதிந்திருத்தலும் உண்டு. முன் அடித்த காசு அச்சிலிருந்து விழாமல் ஒட்டிக்கொள்ள, அதுவே அச்சாக நின்று அடுத்த வட்டில் தன்னைப் பதித்துவிடும். அருமையான பிழை. இதனைப் போலியாகச் செய்ய விரும்புவோர் இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். அங்கே தலைமாறிய எழுத்துக்களின் அடியில் அக்காசின் சொந்த எழுத்துக்களும் நசுங்கிக் கிடக்கும். புறமுகமும் அடிபட்டுத் தட்டையாகும். மெய்ப்பிழையில் இவையிரண்டும் இரா.

வெளிநாட்டிலுள்ள உறவினர் கொணர்ந்த அமெரிக்கக் காசைத் திருப்பிப் பார்த்துப் பின்புறம் தலைகீழாய் உளதே என்று வியந்து வருவாரும் உளர். அமெரிக்கக் காசுகள் அவ்வாறே அமைக்கப்படுவன. எம் நாட்டுக் காசை இடம்வலமாகத் திருப்பினால் இருமுகமும் நிமிர்ந்து நிற்கும். அவ்வாறு நில்லாது சாய்ந்திருப்பின் அப்பொழுது எம்மிடம் வரலாம், தேநீரும் தருவோம்.

இனி, எம் வாவிக்கரைக்கே உரிய சேதங்கள் சில உள. கல்லடியிலும் நாவலடியிலும் உப்புக்காற்றையும் உவர்நீரையும் அறியாத பொருள் எது? பழைய ஐந்து சதச் சதுரக் குற்றிகளும் பத்துச் சத இதழ்விளிம்புக் குற்றிகளும் நிக்கல் கலந்த பித்தளையால் ஆனவை. பித்தளை உவர்நீரில் நெடுநாட் கிடந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோகச் செம்பு தங்கும். மஞ்சட்காசிற் செந்நிறத் திட்டுக்கள் தோன்றும். வேறு உலோகத்தில் தவறாக அடித்த காசு என்று இத்தகைய குற்றிகளைப் பெருமையுடன் காட்டியவர் எம் பழைய மாணவருள்ளேயே மூவர். வலையிற் சிக்கி வந்தவை, கோயில் உண்டியலிற் குங்குமமும் கர்ப்பூரப் புகையும் படிந்தவை, நேர்த்திக்காக மஞ்சட்டுணியில் ஆண்டுக்கணக்காய் முடிந்து வைத்தவை என்று இவை பலவகைப்படும். மட்டக்களப்புப் புகையிரதப் பாதையில் வைத்துத் தட்டையாக்கிய காசுகளைப்பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இதனை வாசிப்போரிற் பலர் அக்கலையில் எம்மினும் வல்லவர். இரசாயன ஆய்வுகூடத்தில் நைத்திரிக் அமிலத்துட் செம்புக்காசை இட்டுக் கபிலநிறப் புகை கண்டு ஓடியவரும் இருப்பர். அமிலத்தில் நனைந்த காசு மெலியும். எழுத்துக்களும் ஒருசேர ஒடுங்கும். மெல்லிய வட்டில் அடித்த பிழைக்காசு என்று அதனையும் விற்கின்றனர்.

காந்தமும் தராசும் பல ஐயங்களைத் தீர்ப்பன. 1984 முதல் வழங்கிய செம்பு நிக்கல் இரண்டு ரூபாக் குற்றி 8.25 கிராம் நிறையுடையது, காந்தத்தில் ஒட்டாது. 2005 ஆம் ஆண்டில் அது நிக்கல் பூசிய உருக்காக மாறியது. ஒரு ரூபாவும் ஐந்து ரூபாவும் பித்தளை பூசிய உருக்காயின. இவை ஒட்டும். ஒன்று ஒட்ட ஒன்று ஒட்டாததைக் கண்டு பிழையென மகிழ்தல் வீண். மாறியது உலோகக் கொள்கை. பூச்சுக் காசுகளில் இன்னொரு மயக்கமும் உண்டு. பூச்சு கிழிந்த இடத்தில் உவர்க்காற்றுப் புகுந்தால் உள்ளிருக்கும் உருக்குத் துருவேறிப் புடைத்து எழும். இப்புடைப்பு கபிலநிறமாய், ஊசி பட்டாற் பொடியாய் உதிரும். அக்கசாலையிலேயே பூச்சின்கீழ் வாயு அகப்பட்டு எழுந்த புடைப்போ வழவழப்பாய்த் தன் மேலுள்ள எழுத்தையுஞ் சுமந்து நிற்கும்.

காந்தத்தின் பெருமையை அமெரிக்கர் நம்மினும் நன்கறிவர். போர்க்காலத்திற் செம்பைச் சேமிக்க 1943 இல் அவர்கள் ஒரு சதக் காசைத் துத்தநாகம் பூசிய உருக்கில் அடித்தனர். அவ்வேளையில் முந்திய ஆண்டின் வெண்கல வட்டுக்கள் சில பொறியில் எஞ்சியிருந்தமையால் ஒருசில காசுகள் அவற்றில் அடிபட்டன. அவை பெருவிலை பெறத் தொடங்கியதும் உருக்குக் காசிற் செம்பு பூசி விற்போர் தோன்றினர். காந்தம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1937 இல் டென்வர் அக்கசாலையில் அச்சை அளவுக்குமீறித் தீட்டியமையால், ஐந்து சதக் காசிலுள்ள காட்டெருதின் முன்கால் ஒன்று மறைந்தது. மூன்றுகால் எருது புகழ்பெறவே, நான்குகால் எருதின் காலை அராவுவோர் புறப்பட்டனர். ஆயின் மெய்யான காசில் எருதின் வயிற்றின்கீழ்ச் சிறுபுள்ளிகள் வரிசையாய் மேடிட்டு நிற்கும். காலை அராவியவனால் புள்ளியை எழுப்ப முடியவில்லை. 2008 இல் பிரித்தானிய இருபது பென்சுக் காசின் வடிவம் மாறியபோது, ஆண்டு ஒருமுகத்திலிருந்து மறுமுகத்துக்குச் சென்றது. புதிய பின்முகத்துடன் பழைய முன்முகத்தை இணைத்து அடித்துவிட்டமையால் ஆண்டே இல்லாத காசுகள் பிறந்தன. ஐம்பதினாயிரம் முதல் இரண்டு இலட்சம் வரை இருக்கலாம் என்று அவ்வக்கசாலையே மதிப்பிட்டது. இலண்டனிலுள்ள எம் பழைய மாணவர்கள் தம் சில்லறையை ஒருமுறை கொட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

கையால் அடித்த பழங்காசுகளுக்கு இவ்விதிகள் பொருந்தா என்பதையுஞ் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் நந்தியும் ‘சேது’ என்னும் எழுத்தும் பொறித்த காசுகளிலும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் இங்கேயே அடித்த தடித்த செம்புக்காசுகளிலும் அச்சு நடுவிற் பதிந்தாற்றான் வியப்பு. திருகோணமலையில் அடித்த ஒல்லாந்தக் காசில் ஓரெழுத்து விளிம்புக்கு வெளியே போயிருப்பின் அது பிழையன்று, அக்காலத்து இயல்பு. எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924 இல் எழுதிக் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட இலங்கை நாணய நூலைப் பார்ப்போர் இதனை உணர்வர். ஒன்றுபோல் ஒன்றை ஆக்கும் பொறி வந்தபின்னரே பிழை என்னும் எண்ணத்துக்கே இடமுண்டாயிற்று.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, ஏதோ ஒரு பொழுதுபோக்குத்தானே, ஒருவன் அடிபட்ட காசை ஆசையோடு வைத்திருந்தால் யாருக்கு நட்டம் என்று எம் நண்பர் ஒருவர் வாதிட்டார். வைத்திருப்பவனோடு எமக்கு வழக்கில்லை. விற்பவனோடே வழக்கு. தெரிந்து விற்பவன் கள்வன். தெரியாது விற்பவனும் வாங்குவோனைக் கெடுக்கின்றான். காசுக்கும் நேர்மைக்கும் தமிழிலே ஒரே சொல் வழங்குகின்றது. காசை வைத்தே பொய் சொல்லும்போது அச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே கெடுகின்றன. ‘அரிய பிழைக்காசு’ என்று விளம்பரம் செய்து வெளியூர் அன்பர்களுக்கு விற்ற இளைஞர் ஒருவர் எம் கல்லூரியிற் கற்றவர் என்று அறிந்தபோது, அவரை அழைத்துப் பேசினோம். அவர் மறுக்கவில்லை, எல்லாரும் செய்கிறார்களே என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாரா என்பதை அவர் மனச்சாட்சிக்கே விட்டோம். விட்டது சரியோ என்று இன்னும் ஐயுறுகின்றோம்.

இதனை நாம் இத்துணை வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற அன்பர் ஒருவருக்கு நாவலடியில் வீடிருந்தது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அவ்வீட்டையும் அதிலிருந்தோரில் இருவரையும் கொண்டுபோயிற்று. சில கிழமைகளின்பின் மணலை அகழ்ந்தபோது அவர் மகள் உண்டியலிற் சேர்த்த குற்றிகளுட் பதினொன்று கிடைத்தன. இரண்டு ரூபாக் குற்றிகள் கறுத்திருந்தன. ஐந்து ரூபாக் குற்றிகள் பச்சை பூத்துக் குழிவிழுந்திருந்தன. இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாதிருந்தன. ஒட்டிய அவ்விரண்டையும் கண்ட ஒருவர், ஒரே அச்சில் இரு வட்டுக்கள் அகப்பட்ட பிழை இது, நல்ல விலைக்குப் போகும் என்று சொல்லி வாங்க முன்வந்தாராம்.

அன்பர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அக்காசுகளின் வடு கடல் இட்ட வடு. ஒரு நாளையும் ஓர் ஊரையும் ஒரு சிறுமியையும் அறிந்த வடு. அதனை எங்கோ ஒரு பொறி செய்த தவறு என்று எழுதிவைப்பது அந்த நாளை அழிப்பதாகும். கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சிறுகோபுரம் அதே அலையிற் சாய்ந்தது. சிற்பியின் கணக்குப் பிழைத்தது என்று எவரேனும் அதனைச் சொல்வரா? சேதம் என்பது இழிந்த சொல்லன்று. பொருள் உலகத்தோடு வாழ்ந்ததற்குச் சான்று அது. அதனைப் பிழை என்று பெயர்மாற்றிப் பெருமை தேடவேண்டியதில்லை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கும் கல்லூரி நிர்வாகத்தாருக்கும் எமது வேண்டுகோள் இது. விழாவையொட்டி விஞ்ஞானகூடத்திற் கண்ணாடிப் பேழையொன்று அமைக்கப்படுவதாக. அதில் ஒருபுறம் ஐயமற நிறுவப்பட்ட அக்கசாலைப் பிழைகளும், மறுபுறம் சேதமுற்ற காசுகளும் இடம்பெறுக. மறுபுறமே நிரம்பி வழியும் என்பதை இப்பொழுதே சொல்லிவைக்கின்றோம். ஒவ்வொன்றின் அருகிலும் எவ்வாறு நேர்ந்தது என்று மாணவர் கையாலேயே எழுதப்படல் வேண்டும். தெரியாதாயின் தெரியாதென்றே எழுதுக. கைவில்லை இரண்டு, காந்தம் ஒன்று, நுண்தராசு ஒன்று போதும். தராசு பௌதிக ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே உளது. காசு கொண்டுவரும் எவரும், அவர் படுவான்கரையினராயினும் எழுவான்கரையினராயினும், சனிக்கிழமை காலையில் மாணவரிடம் கட்டணமின்றிக் கேட்டறியலாம் என்று வாயிலில் ஓர் அறிவித்தலும் வைக்கலாம். அந்த மூதாட்டியின் பேரனை முதல் உதவியாளனாக அழைத்திருக்கின்றோம், வர இசைந்துள்ளான்.

நாவலடி அன்பர் தம் பதினொரு குற்றிகளுள் மூன்றைப் பேழைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். ஒட்டிய இரண்டையும் தரமாட்டாராம். நாமும் கேட்கவில்லை. மூன்றுக்கும் உரிய சீட்டை அவரே எழுதித் தந்துள்ளார்: “நாவலடி, 26.12.2004. கடல்நீரிலும் மணலிலும் கிடந்தவை. அக்கசாலைப் பிழை எதுவும் இல்லை.”